குழந்தையோடு பட்டப்படிப்பு: இங்கிலாந்தின் மாணவர் நிதியுதவி – முக்கியக் குறிப்புகள்

சமூக நலக் கொள்கையும் ஒப்பீட்டுக் கல்வியும் படிப்பவர்கள் பிரிட்டன் பாடத்துக்கு வந்ததும் 1998, 2006, 2012 என்று கட்டணம் ஏறிய ஆண்டுகளை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஆண்டுகள் வேண்டியவைதான். ஆனால் அவையெல்லாம் பள்ளி முடித்து நேரே வரும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் கதை. இடுப்பில் ஒரு குழந்தையும் கைபிடித்து இன்னொன்றுமாக முப்பது வயதில் படிக்க வரும் தாய்க்கு அதே சட்டம் எப்படிப் பொருந்துகிறது என்பது வேறு பாடம். பல கையேடுகள் அதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அந்த ஒரு வரியை விரித்து எழுதியவை இந்தக் குறிப்புகள்.

தொகைகள் எல்லாம் 2025–26 கல்வியாண்டுக்கும் இங்கிலாந்துக்கும் உரியவை. ஆண்டுதோறும் மாறுபவை என்பதால், எண்ணோடு ஆண்டையும் சேர்த்தே எழுதிப் பழகுங்கள்.

அடிப்படைக் குறிப்பு: யார் 'தனித்த மாணவர்'?

நிதியுதவிச் சட்டம் மாணவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. பெற்றோரைச் சார்ந்த மாணவர் ஒரு வகை, தனித்த மாணவர் இன்னொரு வகை. முதல் வகையினருக்கு அப்பா அம்மாவின் வருமானத்தைப் பார்த்துத்தான் கடன் தொகை முடிவாகும். இரண்டாம் வகையினருக்குப் பெற்றோரின் வருமானம் கணக்கிலேயே வராது.

தனித்த மாணவர் ஆவதற்குப் பல வழிகள் உண்டு. கல்வியாண்டின் முதல் நாளில் 25 வயது நிரம்பியிருப்பது, அதற்கு முன்பே திருமணம் ஆகியிருப்பது, படிப்புக்கு முன் மூன்றாண்டுகள் சொந்த உழைப்பில் வாழ்ந்திருப்பது, பெற்றோருடன் மீளமுடியாத பிரிவு ஆகியவை அவற்றுள் சில. நமக்கு முக்கியமானது இன்னொன்று. கல்வியாண்டின் முதல் நாளில் 18 வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒன்று தன் பொறுப்பில் இருந்தால் போதும், அந்த மாணவர் தனித்தவர். பத்தொன்பது வயதுத் தாயாக இருந்தாலும் சரி, மணமாகாதவராக இருந்தாலும் சரி, சட்டம் அவரைத் தனிக் குடும்பமாகவே எண்ணும்.

இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாமே விளங்கும். வருமானத்தை எப்படிக் கூட்டுகிறார்கள், எந்த மானியம் ஏன் இருக்கிறது, அரசு உதவித்தொகையோடு ஏன் மோதுகிறது என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை இங்கிருந்துதான் வருகிறது. மாணவர் என்றால் தனி ஆள். பெற்றோராக இருக்கும் மாணவர் என்றால் ஒரு குடும்பம்.

• 'முதல் நாள்' என்ற சொல்லை அடிக்கோடிடுக. ஆண்டின் நடுவில் குழந்தை பிறந்தால் வருமானக் கணக்கில் தனித்த நிலை அடுத்த ஆண்டின் தொடக்கத்தில்தான் வரும். ஆனாலும் பிறந்த செய்தியை உடனே அறிவிக்க வேண்டும். சார்ந்தோருக்கான மானியங்களைப் பற்றிய கேள்வி அப்போதே எழுந்துவிடுகிறது.

ஆண்டுகள் – வேகமாக ஒரு பார்வை

• 1962: கல்விச் சட்டம். முழுநேரப் பட்டப்படிப்புக்குக் கட்டாய மானியம். முன்னோடி, 1960இல் வந்த ஆண்டர்சன் குழு அறிக்கை.
• 1990: மாணவர் கடன் சட்டம். வாழ்க்கைச் செலவுக்குக் கடன் என்ற வழக்கம் தொடங்கிய ஆண்டு. கடனை நடத்தும் ஸ்டூடன்ட் லோன்ஸ் கம்பெனியின் தலைமையகம் கிளாஸ்கோ நகரில் இருக்கிறது. அரசுக்குச் சொந்தமான, இலாப நோக்கற்ற நிறுவனம். தனியார் வங்கி என்று எழுதினால் தவறு.
• 1997: டியரிங் அறிக்கை. 1998: கற்பித்தல் மற்றும் உயர்கல்விச் சட்டம், ஆண்டுக்கு 1,000 பவுண்டு கட்டணம்.
• 2006: 3,000 பவுண்டு வரை. 2012: 9,000 வரை. 2017: 9,250. 2025: 9,535.
• 2011: கல்வி மாணவர் ஆதரவு ஒழுங்குவிதிகள். 1998 சட்டத்தின் 22ஆம் பிரிவில் வேர் கொண்டவை. இன்றும் விதிகளுக்கான மூல ஆவணம் இதுவே.
• 2016: புதிய மாணவர்களுக்கு வாழ்க்கைச் செலவு மானியம் நிறுத்தம், அதன் இடத்தில் கூடுதல் கடன்.

இந்தக் கடைசிப் புள்ளியில் கொஞ்சம் நிற்க வேண்டும். '2016க்குப் பிறகு இங்கிலாந்தில் மானியமே இல்லை, எல்லாம் கடன்' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். போனது பொதுவான வாழ்க்கைச் செலவு மானியம். குழந்தை உள்ளவர்களுக்கும், பெரியவர் ஒருவரைத் தாங்குபவர்களுக்கும் உரிய மூன்று மானியங்கள் அப்போது கைவைக்கப்படவில்லை. திருப்பிச் செலுத்த வேண்டாத பணம் என்று பட்டப்படிப்பு மாணவர் நிதியில் மிச்சமிருக்கும் சில இடங்களில் இது பெரிய இடம். தகுதி இருந்தும் பெயர் தெரியாமல் கேட்காமல் விடுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதனால் மூன்றின் பெயரையும் மறக்க முடியாதபடி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மானியங்கள்

சைல்ட்கேர் கிராண்ட்: குழந்தைப் பராமரிப்பு மானியம்.
பேரன்ட்ஸ் லேர்னிங் அலவன்ஸ்: பெற்றோர் கற்றல் படி.
அடல்ட் டிபென்டன்ட்ஸ் கிராண்ட்: வயதுவந்த சார்ந்தோர் மானியம்.

மூன்றும் முழுநேர மாணவருக்கு மட்டும். பகுதிநேரப் படிப்புக்குக் கிடையாது. குழந்தை இருப்பதால்தான் பலர் பகுதிநேரப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படித் தேர்ந்தெடுத்ததாலேயே குழந்தைக்கான மானியத்தை இழக்கிறார்கள். இந்த முறையின் ஆகப் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து. விரிவான விடை எழுதும்போது 'விமர்சனம்' என்ற தலைப்பில் இதை முதலில் வையுங்கள்.

குழந்தைப் பராமரிப்பு மானியம்

• வயது: குழந்தைக்கு 15 நிரம்பியிருக்கக் கூடாது. சிறப்புக் கல்வித் தேவை உள்ள குழந்தையானால் 17 நிரம்பியிருக்கக் கூடாது.
• அளவு: உண்மையில் செலுத்தும் பராமரிப்புக் கட்டணத்தில் 85 விழுக்காடு, அல்லது வாரத்துக்கு ஒரு குழந்தைக்கு 199.62 பவுண்டு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 342.24 பவுண்டு. எது குறைவோ அது.
• மூன்றாவது குழந்தைக்குத் தனி உச்சவரம்பு இல்லை. இரண்டானாலும் நான்கானாலும் அதே 342.24.

'எது குறைவோ அது' என்ற தொடரைக் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் மனத்தில் நிற்கும். ஒரு குழந்தைக்கு நர்சரிக் கட்டணம் வாரம் 200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 85 விழுக்காடு 170. வரம்புக்குள் இருக்கிறது, 170 கிடைக்கும். தாய் தன் கையிலிருந்து 30 கட்ட வேண்டும். கட்டணம் 300 பவுண்டு ஆனால் 85 விழுக்காடு 255 வரும், ஆனால் வரம்பு 199.62இல் நின்றுவிடும்; கையிலிருந்து போவது 100.38. கட்டணம் ஒன்றரை மடங்குதான் ஆனது, தாயின் சுமையோ மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. ஒரு குழந்தைக்கு வாரம் சுமார் 234.85 பவுண்டு என்ற புள்ளியைத் தாண்டினால் அதற்கு மேல் ஒவ்வொரு பவுண்டும் மாணவரின் சொந்தப் பொறுப்பு. இரண்டு குழந்தைகளுக்கு அந்தப் புள்ளி சுமார் 402.64.

• பராமரிப்பவர் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு ஆய்வு அமைப்பின் பதிவேட்டில் இருக்க வேண்டும். நர்சரி, சைல்ட்மைண்டர், பள்ளி நேரத்துக்குப் பின் நடக்கும் கிளப் எதுவானாலும் பதிவு முக்கியம். பாட்டியோ சித்தியோ வீட்டில் பார்த்துக்கொண்டால் மானியம் இல்லை. கூட்டுக் குடும்ப வழக்கம் உள்ள வீடுகளில், இலண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பகுதித் தமிழ் வீடுகள் உட்பட, தடுக்கி விழும் இடம் இது. அம்மம்மா பார்த்துக்கொள்கிறார், அவருக்கு ஏதோ கொடுக்கிறோம் என்றால் அந்தத் தொகை இதில் சேராது.
• பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வராது. இதற்கென்று இணையவழிக் கணக்கு ஒன்று உண்டு. பராமரிப்பவர் கட்டணத்தைக் கேட்பார், மாணவர் சரிபார்த்து ஒப்புதல் தருவார், அங்கிருந்து நேரே பராமரிப்பவருக்குப் போய்ச் சேரும். மற்ற இரண்டு மானியங்களிலிருந்து இதைப் பிரிக்கும் அடையாளம் இது.
• மாணவரோ துணைவரோ வரியில்லாக் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில் இருந்தாலோ, யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில் பராமரிப்புச் செலவுப் பகுதியைப் பெற்றாலோ, தேசிய சுகாதாரச் சேவையின் பராமரிப்புப் படி வாங்கினாலோ இது கிடையாது. ஒரே செலவுக்கு இரண்டு கை நீட்டக் கூடாது என்பது விதி.

குழப்பம் தவிர்க்க: யூனிவர்சல் கிரெடிட்டின் பராமரிப்புப் பகுதியும் 85 விழுக்காடுதான். ஆனால் அதன் உச்சவரம்பு மாதக் கணக்கில்: 2025–26இல் ஒரு குழந்தைக்கு 1,031.88 பவுண்டு, இரண்டு அல்லது அதற்கு மேல் 1,768.94. மாணவர் மானியத்தின் வார வரம்பை மாதத்துக்கு மாற்றினால் ஒரு குழந்தைக்குச் சுமார் 865, இரண்டுக்குச் சுமார் 1,483. முதலாவதுதான் பெரியது. ஆனால் அதைப் பெற ஊதிய வேலை வேண்டும். வேலையையும் முழுநேரப் படிப்பையும் குழந்தையையும் சேர்த்துத் தூக்க முடிகிறவர்களுக்கே அந்தக் கணக்கு.

இதே கோணல் இலவசப் பராமரிப்பு நேரத்திலும் இருக்கிறது. 2025 செப்டம்பர் முதல், ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து பள்ளி சேரும் வரை வாரம் 30 மணி நேரம், ஆண்டில் 38 வாரங்கள், இலவசம். யாருக்கு? வேலை செய்யும் பெற்றோருக்கு. குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 16 மணி நேரத்துக்கு ஈடான தொகையைச் சம்பாதிக்க வேண்டும். செவிலியர் படிப்புக்காக வாரம் முழுக்க மருத்துவமனை வார்டில் நிற்கும் தாயின் நேரம் 'வேலை' ஆகாது, ஏனென்றால் அது படிப்பு. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் எல்லாருக்கும் பொதுவான 15 மணி நேரம் மட்டும் அவருக்கும் உண்டு. நாட்டுக்கு நாளை செவிலியராகவும் ஆசிரியராகவும் வரப்போகிறவரின் உழைப்பை உழைப்பு என்று எண்ணாத இந்த விதி மாற வேண்டும்.

பெற்றோர் கற்றல் படி

• ஆண்டுக்கு 50 முதல் 2,024 பவுண்டு வரை. குடும்ப வருமானத்தைப் பொறுத்தது.
• மூன்று தவணை, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒன்று, நேரே மாணவரின் வங்கிக் கணக்குக்கு.
• எதற்குச் செலவு செய்தோம் என்று இரசீது காட்ட வேண்டாம். புத்தகம், பயணம், பிள்ளையின் குளிர்ச்சட்டை, எதுவானாலும்.
• அரசு உதவித்தொகைகளைக் குறைக்காது.
• பராமரிப்புக் கட்டணம் செலுத்தாதவருக்கும் உண்டு.

கடைசிப் புள்ளிதான் மறக்கப்படுவது. பாட்டி பார்த்துக்கொள்வதால் பராமரிப்பு மானியம் இல்லை என்று தெரிந்ததும், குழந்தைக்கென்று எதுவும் இல்லை என முடிவுகட்டி விடுகிறார்கள். கற்றல் படி அப்போதும் இருக்கிறது. குழந்தை நர்சரிக்குப் போகிறதா என்பதை அது கேட்பதில்லை. குழந்தை மாணவரைச் சார்ந்து இருக்கிறதா என்பதையே கேட்கிறது.

வயதுவந்த சார்ந்தோர் மானியம்

ஆண்டுக்கு 3,545 பவுண்டு வரை. கணவர், மனைவி, துணைவர், அல்லது பணத்துக்கு மாணவரையே நம்பியிருக்கும் பெற்றோர், தாத்தா பாட்டி போன்ற உறவினர் ஒருவருக்காக. உறவினரின் சொந்த வருமானம் ஆண்டுக்கு 3,796 பவுண்டைத் தாண்டக் கூடாது. சொந்தப் பிள்ளையைக் காட்டி இதைக் கேட்க முடியாது. தானே மாணவர் நிதியுதவி பெறும் ஒருவரைக் காட்டியும் கேட்க முடியாது.

குடும்ப வருமானம்: எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது

தனித்த மாணவரின் குடும்ப வருமானம் என்பது முக்கியமாக உடன் வாழும் துணைவரின் வருமானம். அதோடு மாணவருக்குச் சேமிப்பு, முதலீடு, வாடகை போன்றவற்றிலிருந்து வருவது. படித்துக்கொண்டே பகுதிநேர வேலையில் மாணவர் ஈட்டும் ஊதியம் சேராது. ஆகவே துணைவர் இல்லாமல், வாடகை வரவும் இல்லாமல், வார இறுதியில் கடையில் நின்று சம்பாதிக்கும் தாய்க்கு இந்தக் கணக்கில் குடும்ப வருமானம் சுழியமாகவே வரலாம்.

• எந்த ஆண்டு வருமானம்? 2025–26 படிப்புக்கு 2023–24 வரியாண்டு. அதாவது பின்னோக்கி இரண்டு.
• இப்போதைய வருமானம் அதைவிட 15 விழுக்காடாவது குறைந்திருந்தால், நடப்பு ஆண்டு வருமானத்தை வைத்துக் கணக்கிடக் கோரலாம். வேலை போன வீடுகளுக்கும், மகப்பேற்றுக்குப் பின் ஒரு சம்பளம் நின்ற வீடுகளுக்கும் இது பெரிய ஆறுதல்.
• சார்ந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் 1,130 பவுண்டு கழிவு.
• முழுக் கடன் கிடைக்கும் வருமான எல்லை 25,000 பவுண்டு. 2008 முதல் அசையாமல் நிற்கும் எண் இது.

கணக்கு: கணவரின் ஆண்டு வருமானம் 28,000, மூன்று குழந்தைகள். 1,130ஐ மூன்றால் பெருக்கினால் 3,390. மீதி 24,610. 25,000க்குக் கீழே வந்துவிட்டது, முழுக் கடன். இரண்டே குழந்தைகள் என்றால் மீதி 25,740. எல்லையைத் தாண்டியதால் கடன் கொஞ்சம் குறையும். கடனுக்கான வருமான ஏணி வேறு, மானியங்களுக்கான ஏணி வேறு. பின்னதில் சார்ந்தோரின் சொந்த வருமானமும் பார்க்கப்படும். முழுக் கடன் கிடைத்தவருக்கு மானியமும் முழுதாகக் கிடைக்கும் என்று எழுதிவிடக் கூடாது.

வாழ்க்கைச் செலவுக் கடனின் உச்சம்: பெற்றோர் வீட்டிலிருந்து படித்தால் 8,877; வெளியே, இலண்டனுக்கு அப்பால் 10,544; வெளியே, இலண்டனில் 13,762. கணவர் பிள்ளைகளோடு சொந்த வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருந்து படிக்கும் தாய் எந்த வகை? 'வீட்டிலிருந்துதானே படிக்கிறார்' என்று முதல் வகையைத் தேர்ந்தெடுப்பது வழக்கமான பிழை. இங்கே வீடு என்பது மாணவரின் அப்பா அம்மா வீடு. அவர் 'வெளியே' என்ற வகையில்தான் வருகிறார். இலண்டனில் இந்த ஒரு கட்டத்தைத் தவறாகக் குறித்தால் ஆண்டுக்கு 4,885 பவுண்டு வித்தியாசம்.

உதவித்தொகையோடு மோதும் இடம்

முழுநேர மாணவருக்குப் பொதுவாக யூனிவர்சல் கிரெடிட் இல்லை. குழந்தைப் பொறுப்பு உள்ளவர் விதிவிலக்கு. ஆனால் அங்கே மாணவர் கடன் வருமானமாகக் கருதப்படும். பெறக்கூடிய முழுக் கடனும் எண்ணப்படும், வாங்கியிருந்தாலும் வாங்காவிட்டாலும். வட்டிக்குக் கடன் வாங்கக் கூடாது என்ற மார்க்க நெறிப்படி கடனைத் தவிர்க்கும் முஸ்லிம் தாய், கையில் வராத பணத்துக்காக உதவித்தொகையில் குறைவைச் சந்திக்க நேர்கிறது. வட்டியில்லா மாற்று நிதிக்கான அதிகாரத்தை 2017ஆம் ஆண்டின் உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சிச் சட்டம் அரசுக்கு வழங்கியது என்பதை இதோடு சேர்த்துப் படிக்கலாம்.

கழிவுகள் உண்டு. ஒவ்வொரு மாதக் கணக்கிலும் 110 பவுண்டு விலக்கு. கோடை விடுமுறை மாதங்களில் கடன் வருமானமாக எண்ணப்படாது. தனியாகக் குழந்தை வளர்ப்பவர் போன்று உதவித்தொகைத் தகுதி உள்ளவர்களுக்குக் கடனின் உச்சமும் சற்று உயரம். அதில் 'சிறப்பு ஆதரவு' என்று பிரித்த பகுதி வருமானமாகாது. பராமரிப்பு மானியமும் கற்றல் படியும் வருமானமாகாது.

• கவுன்சில் வரி: வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் முழுநேர மாணவர்கள் என்றால் முழு விலக்கு. மாணவரல்லாத பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தால் 25 விழுக்காடு தள்ளுபடி. பிள்ளைகள் எண்ணப்பட மாட்டார்கள். ஆகவே தனியாகப் பிள்ளை வளர்க்கும் முழுநேர மாணவிக்கு இந்த வரி இல்லை.

செவிலியர் படிப்பு: தனிக் குறிப்பு

செவிலியம், மகப்பேற்றுச் செவிலியம், இயன்முறை மருத்துவம் போன்றவற்றுக்கு 2017 வரை தேசிய சுகாதாரச் சேவையின் பர்சரி இருந்தது. அந்த ஆண்டு முதல் புதியவர்கள் பொதுவான கடன் முறைக்கு மாற்றப்பட்டார்கள். பின்னர் 2020 செப்டம்பரில் கற்றல் ஆதரவு நிதி விரிவாக்கப்பட்டு, ஆண்டுக்கு 5,000 பவுண்டு பயிற்சி மானியம் வந்தது. குழந்தை உள்ளவர்களுக்கு அதன்மேல் பெற்றோர் ஆதரவு 2,000 பவுண்டு. வயது விதி பராமரிப்பு மானியத்தைப் போன்றதே: 15க்கு உட்பட்ட, அல்லது சிறப்புத் தேவையிருந்தால் 17க்கு உட்பட்ட குழந்தை. இது மாணவர் நிதியுதவியை வழங்கும் ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் அமைப்பு தருவதோடு கூடுதலாக வருவது. விண்ணப்பம் தனி, அலுவலகமும் தனி. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றொன்று தானாக வராது.

ஒரே சொல், இரண்டு சட்டங்கள்

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்கள் அதிகம் குழம்புவது 'டிபென்டன்ட்' என்ற சொல்லில். மாணவர் நிதியுதவியில் அது மாணவரைப் பணத்துக்குச் சார்ந்திருக்கும் குழந்தையும் பெரியவரும். குடிவரவுச் சட்டத்தில் அது விசா வைத்திருப்பவரோடு வரும் துணைவரும் பிள்ளையும். சென்னையிலிருந்து மாணவர் விசாவில் போகிறவருக்கு மேற்சொன்ன மாணவர் நிதியுதவி எதுவும் கிடையாது. கடனும் இல்லை, மானியமும் இல்லை. 2024 ஜனவரி 1க்குப் பின் தொடங்கும் படிப்புகளில், ஆராய்ச்சிப் பட்டங்களும் அரசு நிதி பெறும் கல்வி உதவித்தொகைகளும் தவிர மற்றவற்றுக்குக் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்லவும் முடியாது. சாதாரண முதுகலைப் படிப்புக்குப் போகும் தாய் பிள்ளையை ஊரில் விட்டுத்தான் போக வேண்டும்.

நிதியுதவிக்குத் தகுதி: பிரிட்டிஷ் குடியுரிமை அல்லது நிலையான குடியிருப்பு உரிமை, அதோடு படிப்புக்கு முந்தைய மூன்றாண்டு அந்நாட்டு வாழ்க்கை. அகதி நிலை பெற்றவருக்கு இந்த மூன்றாண்டு விதி இல்லை. இலங்கையிலிருந்து சென்று தஞ்சம் பெற்ற தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விலக்கின் அருமை தெரியும். அகதி நிலை உறுதியானதும் அடுத்த கல்வியாண்டுக்கே விண்ணப்பிக்க முடிகிறது.

நான்கு நாடுகள், நான்கு வாசல்கள்

எங்கே படிக்கிறார் என்பது கேள்வியல்ல. வழக்கமாக எங்கே வசிக்கிறார் என்பதே கேள்வி. கார்டிஃபில் படிக்கும் பிரிஸ்டல்காரர் இங்கிலாந்திடம்தான் கேட்க வேண்டும். வேல்ஸுக்கு ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் வேல்ஸ், வட அயர்லாந்துக்கு அதன் பெயரிலேயே ஒன்று. ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து இயங்கும் சாஸ் என்ற முகமை. அங்கே மானியங்களின் பெயரும் வேறு. சார்ந்தோர் மானியம் 2,640 பவுண்டு வரை, தனிப்பெற்றோர் மானியம் 1,305 வரை. குழந்தைப் பராமரிப்புக்கான உதவியை ஸ்காட்லாந்தில் கல்லூரியும் பல்கலைக்கழகமுமே வழங்குகின்றன.

• கேர் டு லேர்ன்: பெயர் ஒத்திருப்பதால் குழப்பும். இது இங்கிலாந்தில் பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும், 20 வயதுக்கு உட்பட்ட பெற்றோருக்கு. வாரம் ஒரு குழந்தைக்கு 180 பவுண்டு வரை, இலண்டனில் 195 வரை. பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு அல்ல.

விண்ணப்பம்

பொதுவாக மார்ச் மாதத்தில் இணையத்தில் திறக்கும். செப்டம்பரில் பணம் கையில் வேண்டுமென்றால் மே மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். இடம் உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. விரும்பும் படிப்பைக் குறித்து அனுப்பி, பின்னால் மாற்றிக்கொள்ளலாம். கடைசி எல்லை, கல்வியாண்டின் முதல் நாளிலிருந்து ஒன்பது மாதம்.

படிவத்தில் சார்ந்தோர் பற்றிய கேள்விகளுக்கு 'ஆம்' என்று குறித்தால்தான் மானியங்களுக்கான பக்கங்கள் வரும். அவசரத்தில் 'இல்லை' என்று தட்டிவிட்டால் வெறும் கடன் விண்ணப்பமாகவே போய்விடும். பராமரிப்பு மானியத்துக்கு அதற்கென்று சி.சி.ஜி.1 என்ற தனிப் படிவம். துணைவர் தன் வருமானத்தைத் தன் கணக்கிலிருந்து தானே பதிய வேண்டும். அவர் தாமதித்தால் எல்லாமே தாமதம். குழந்தையின் பிறப்புச் சான்று, சைல்ட் பெனிஃபிட் கடிதம் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சென்ற ஆண்டு கிடைத்தது இந்த ஆண்டும் தானாகத் தொடராது.

முதல் தவணை, பல்கலைக்கழகம் மாணவர் சேர்ந்துவிட்டார் என்று உறுதிசெய்த பிறகே வரும். நர்சரிகள் இடத்தைப் பிடித்துவைக்க முன்பணம் கேட்பது உண்டு. செப்டம்பரின் இந்த இடைவெளியில்தான் பல தாய்மார் திணறுகிறார்கள். பல்கலைக்கழகங்களின் இடர்ப்பாட்டு நிதியைக் கேட்கத் தயங்கவே கூடாது.

• நர்சரி மாற்றம், கட்டண மாற்றம், துணைவருடன் பிரிவு, புதிய வேலை எல்லாவற்றையும் உடனே தெரிவிக்க வேண்டும். மானியம் திருப்பிச் செலுத்த வேண்டாதது, ஆனால் தகுதிக்கு மேல் வந்த மானியம் திரும்பப் பெறப்படும்.

திருப்பிச் செலுத்துதல் – சுருக்கமாக

2023 ஆகஸ்டு 1 முதல் இங்கிலாந்தில் படிப்பைத் தொடங்கியவர்களுக்கு ஐந்தாம் திட்டம். ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டிய பகுதியில் 9 விழுக்காடு. 30,000 சம்பாதித்தால் 5,000க்கு 9 விழுக்காடு, ஆண்டுக்கு 450. வட்டி சில்லறை விலைக் குறியீட்டு அளவு. 40 ஆண்டுகளில் மிச்சம் தள்ளுபடி. முந்தைய இரண்டாம் திட்டத்தில் அது 30 ஆண்டு. துணைவரின் வருமானம் இங்கே வராது. கடன் வாங்கும்போது குடும்பமாக எண்ணப்பட்டவர், திருப்பித் தரும்போது தனி ஆளாக எண்ணப்படுகிறார்.

படிப்பு நடுவில் நின்றால்

கட்டணக் கடன் எத்தனை ஆண்டுகளுக்கு? படிப்பின் காலத்தோடு ஓராண்டைக் கூட்டி, முன்பு உயர்கல்வியில் கழித்த ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். ஊரில் பாதியில் விட்ட பட்டப்படிப்பும் இந்தக் கழிவில் வரலாம். ஏற்கெனவே பட்டம் உள்ளவருக்கு அதே நிலைப் படிப்புக்குப் பொதுவாக நிதி இல்லை; செவிலியம் போன்ற சில படிப்புகள் விலக்கு.

அந்தக் கூடுதல் ஓராண்டும் தீர்ந்துவிட்டால், மேலும் ஓர் ஆண்டுக்கு நிதி கேட்க 'தவிர்க்க முடியாத தனிப்பட்ட காரணங்கள்' என்ற வழி உண்டு. நோய், குடும்பத்தில் இறப்பு, பிறரைப் பராமரிக்கும் பொறுப்பு ஆகியவற்றோடு கர்ப்பமும் அதில் சேரும். இரண்டாம் ஆண்டில் குழந்தை பெற்று, தேர்வை விட்டு, மறுபடி அதே ஆண்டைப் படிக்கும் தாய் இந்த வழியில் கேட்க வேண்டும். காரணத்தை விளக்கும் கடிதமும் மருத்துவரின் சான்றும் விண்ணப்பத்தோடு போக வேண்டும். பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசகர் எழுதும் கடிதமும் உடனிருந்தால் துணை செய்யும். கேட்டால் எழுதித் தருவார்கள்.